பதினாறு சதுர அடி ஜமீன்தார்!

கொடைக்கானலுக்கு டிரான்ஸ்ஃபர் என்று ஆர்டர் வந்ததும் மதுரை ஆபீஸே என்னைப் பொறாமையோடு பார்த்தது. "குடுத்து வச்சவன்யா... கரன்ட் பில்லே இல்லாம ஏ.ஸி.!" என்றார் ஹெட் கிளார்க். வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது... ஒரு கிளார்க்கின் சம்பளத்துக்கு டவுனில் வாடகைக்குக் கிடைப்பது ஏரியில் படகு மட்டும்தான், அதுவும் மணிக் கணக்கில்!

அலைந்து திரிந்து வில்பட்டியில் ஒரு வீட்டைப் பிடித்தேன். நீங்களும் வில்பட்டியைப் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானல் டூர் போனவர்கள் மேலே ரோட்டில் வேனை நிறுத்தி போட்டோ எடுப்பார்களே... மலைச் சரிவு முழுக்க, ராட்சதன் ஏறிப்போக மாடிப்படி கட்டின மாதிரி அடுக்கடுக்காக வயல்... அதுதான். அந்த மாடிப்படியில் ஏதோ ஒரு படியில் என் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அடுத்த படியில் ஹவுஸ் ஓனரின் அம்மா பூண்டு போட்டிருக்கிறார். ஊரே அவரை அப்பத்தா என்கிறது. நானும்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடிப்பட்டி பக்கம் அவருக்கு ஒண்ணரை ஏக்கர் நஞ்சை இருந்தது. 'இருந்தது' என்பதைக் கவனிக்கவும். அக்கா கல்யாணத்தில் பாதி போனது. என் பி.காமில் மீதி போனது. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போன் பண்ணினால் 'ஆபீஸ் எப்படி, மேனேஜர் எப்படி' என்றெல்லாம் கேட்கமாட்டார். "அங்க என்னடா வெள்ளாமை? மழையா?" இது மட்டும்தான். போன ஆகஸ்டுக்கு முந்தின ஆகஸ்டில் ஒரு நாள், ஏதோ ஒரு வேகத்தில், "நானும் பின்னாடி கொஞ்சம் போட்டிருக்கேம்ப்பா" என்று அள்ளிவிட்டேன். பின்னாடி இருந்தது துணி காயப்போடும் கயிறு மட்டும்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "தீபாவளி கழிச்சு வந்து பாக்குறேன்" என்றார்.

மாட்டிக்கொண்டேன்!

என் விவசாய அறிவு எவ்வளவு என்றால், பூண்டுச் செடியைப் பார்த்து 'வெங்காயமா?' என்று கேட்கிற அளவு. காப்பாற்றியது மதுரையில் பழைய புத்தகக் கடையில் சிக்கிய ஓர் அமெரிக்கப் புத்தகம். 'ஸ்கொயர் ஃபுட் கார்டனிங்'. எழுதியவர் மெல் பார்த்தலோமியு. விவசாயி இல்லை, ரிட்டயரான சிவில் இன்ஜினீயர். எல்லாரும் காய்கறியை வரிசை வரிசையாக நட்டு, நடுவில் இரண்டு மூன்று அடி இடம் விடுகிறார்களே, ஏன் என்று இவருக்கு சந்தேகம். வயலில் ஏரோ மாடோ டிராக்டரோ போக வேண்டும், சரி. வீட்டுத் தோட்டத்தில் எதுக்கு? பாதையில் உரம் போட்டு, தண்ணீர் ஊற்றி, அங்கே முளைக்கிற களையைப் பிடுங்கி... வேலையில் முக்கால்வாசி செடியே இல்லாத இடத்துக்குத்தான் என்று கணக்குப் போட்டார். 1981-ல் புத்தகம் வந்தது, அப்புறம் டி.வி. நிகழ்ச்சியும் நடத்தினார். 2016-ல் காலமானார்.

விஷயம் ரொம்ப சிம்பிள். நாலடிக்கு நாலடி ஒரு பெட்டி. அரை அடி உயரம். மேலே சணலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் ஓரடிக் கட்டம் பதினாறு. பெரிசாக வளர்கிற முட்டைக்கோஸ் கட்டத்துக்கு ஒன்று. கொஞ்சம் சின்னது என்றால் ஆறு அங்குல இடைவெளியில் நாலு. பீன்ஸ் நாலு அங்குலத்தில் ஒன்பது. கேரட், முள்ளங்கி மூன்று அங்குலத்தில் பதினாறு. 1, 4, 9, 16... நம்ம வாய்ப்பாடுதான்! உழவும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால் பத்து நிமிஷம் போதும். பி.காமுக்கென்றே கண்டுபிடித்த விவசாயம்!

பெட்டிக்குள் நிரப்ப மெல் சொன்ன கலவையில் மண்ணே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு பீட் மாஸ், ஒரு பங்கு வெர்மிகுலைட், ஒரு பங்கு மக்கு உரம். பதினாறு சதுர அடிக்கு அரை அடி ஆழம் என்றால் எட்டு கன அடி. பீட் மாஸ் என்பது குளிர்தேசச் சதுப்பு நிலங்களில் பாசி மக்கிப் படிவது. வருஷத்துக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் படியும். அவ்வளவு வருஷம் படிந்த சமாச்சாரத்தை மூட்டையாகக் கட்டி கூரியரில் வரவழைத்தேன். மூட்டையை இறக்கின பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னா சார் உள்ள?"

"மண்ணு... மாதிரி."

சுற்றியிருந்த மலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

மொத்தச் செலவு 3,800 ரூபாய். கடையில் கேரட் வாங்கியிருந்தால் ஒரு கல்யாணத்துக்கே அல்வா கிளறியிருக்கலாம்.

புத்தகத்தில் பெட்டியை சமதளத்தில் வைத்துப் படம் போட்டிருந்தார்கள். என் துண்டு நிலத்தில் நாலடி நடந்தால் ஓரடி இறக்கம். அதனாலென்ன என்று கீழ்ப்பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்து, பலகைப் பெட்டியை நேராக நிறுத்தினேன். சணல் கட்டினேன். ஸ்கேல் வைத்து விதை போட்டேன். முளைத்தது! போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஆபீஸில் காட்டாத ஆள் இல்லை.

அப்பத்தா மட்டும் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "எதுக்கு தம்பி பொட்டி?" என்றார்.

"விவசாயம் அப்பத்தா."

"சரி சரி. தண்ணி எப்பிடிப் போகும்?"

"அது... மக்குல எடுத்து ஊத்துவேன்."

"நீ ஊத்துறதக் கேக்கல தம்பி" என்றவர், மேலே ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அக்டோபர் வந்தது. இந்த மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஒரு ராத்திரி விடாமல் அடித்தது. மேல் படியிலிருந்து இறங்கிய தண்ணீர் என் பெட்டிக்கு அடியில் புகுந்து செங்கல்லை உருட்டிவிட்டது. பீட் மாஸுக்கு ஒரு குணம்... இலேசானது, மிதக்கும். விடிந்து பார்த்தால் பெட்டி குப்புறக் கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அயல்நாட்டு மண் அத்தனையும் அப்பத்தாவின் பூண்டுப் பாத்தியில். வெர்மிகுலைட் தகடுகள் வெயில் பட்டு மினுமினுத்தன. அப்பத்தா ஒன்றை எடுத்து, "தங்கமா தம்பி?" என்றார். பின்னே... விலையைப் பார்த்தால் கிட்டத்தட்ட அதுதான்!

"ஒம் மண்ணு எங்கிட்ட வந்துருச்சு. வாடகைல கழிச்சுக்கவா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "குளிர் ஜாஸ்திப்பா, உங்க மூட்டுக்கு ஆகாது. வெயில் காலத்துல வாங்க" என்று அப்பாவுக்கு போன் பண்ணினேன். "சரிடா" என்றார். அந்த 'சரிடா'வை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவின் காட்டில் போய் நின்றேன். அப்போதுதான் முதன்முதலாக அந்தப் படிகளை ஒழுங்காகப் பார்த்தேன். அத்தனை மழைக்கும் அவர் பாத்தி அசையவில்லை! கல் கட்டில் ஒரு பொட்டு சிமென்ட் கிடையாது. கல்லுக்குக் கல் சந்து. அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே போகிறது. சிமென்ட் பூசியிருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கி, கட்டையே தள்ளிவிடும். வயல் வெளிப்பக்கம் சாயாமல், மலையைப் பார்த்து லேசாக உள்வாட்டம். உள் ஓரத்தில் சின்ன வாய்க்கால். மழைத் தண்ணீர் பாத்தியின் விளிம்பில் வழியாமல், உள்ளே ஓடி, ஓரமாக இறங்கிப் போகிறது. இந்த மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தப் பூண்டு நிற்கிற மண் மலையை விட்டு இறங்காமல் இருப்பதற்கே இத்தனை ஏற்பாடு!

"மொதல்ல தண்ணிக்கு வழிய விடு. அப்புறமா செடிக்கு எடத்தப் பாரு" என்றார் அப்பத்தா.

மெல் ஐயாவின் புத்தகத்தில் இந்த அத்தியாயம் இல்லை. அவர் குற்றமில்லை. அவர் எழுதியது அமெரிக்காவின் சமதளக் கொல்லைப்புறத்துக்கு.

ஜனவரியில் உறைபனி. விடிகாலையில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை. அதுவரைக்கும் வேலையைத் தொடவில்லை. பிப்ரவரியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரு கையில் புத்தகம், மறு கையில் அப்பத்தா.

முதல் வேலையாக நாலுக்கு நாலு பெட்டியைத் தூக்கிப் போட்டேன். மெல் நாலடி என்று வைத்தது எதற்கு? இரண்டு பக்கமும் நின்று, ஆளுக்கு இரண்டடி கை எட்டினால் நடுவரைக்கும் எட்டும் என்று. படி வயலில் ஒரு பக்கம் கல் சுவர், நிற்பதற்கு ஒரே பக்கம்தான். அப்போது எட்டுவது இரண்டடி. ஆகவே இரண்டடி அகலம், எட்டடி நீளம், சரிவுக்குக் குறுக்காக. இரண்டெட்டு பதினாறு... கட்டம் அதே பதினாறு! வெட்டி நிரவ வேண்டிய சரிவும் பாதியாகக் குறைந்தது. பலகைக்குப் பதில் கல். மலையில் அதற்கா பஞ்சம்? அப்பத்தா சொன்னபடி அடுக்கினேன். இரண்டு தடவை சரிந்தது. மூன்றாவது தடவை அவரே வந்து அடுக்கிவிட்டு, "பேனா பிடிக்கிற கை" என்று ஒரே வரியில் சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

அடுத்தது கலவை. மலை மண் ஏற்கெனவே புளிப்பு மண். பீட் மாஸும் புளிப்பு. புளிக்குழம்பில் எலுமிச்சம்பழம் பிழிகிற கதை! ஆகவே பீட் மாஸ் வேலையைத் தென்னை நார்க் கழிவுக்குக் கொடுத்தேன். பொள்ளாச்சி பக்கம் மலைமலையாகக் கிடக்கிறது. கட்டியாக அழுத்தி விற்கிறார்கள். உப்பு போக இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான். வெர்மிகுலைட்டுக்கும் கப்பல் ஏறத் தேவையில்லை. நம்ம திருப்பத்தூர் பக்கம் செவத்தூரிலேயே அந்தக் கனிமம் பூமிக்குள் இருக்கிறது. அபிரக மாதிரி தகடு, சூடுபடுத்தினால் சோளப்பொரி மாதிரி பொரிந்து உப்பும். ஆனால் கால் நூற்றாண்டு தொழு உரம் தின்ற மண் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பாதி அந்த மண், கால் பங்கு மக்கு உரம், கால் பங்கு நார்க் கழிவு, புளிப்பு முறிய இரண்டு கை டோலமைட் சுண்ணாம்பு. ஒரு எச்சரிக்கை: மதுரையில் சீக்கிரம் மக்குகிற குப்பை இந்தக் குளிரில் ஆற அமரத்தான் மக்குகிறது. அரைகுறையாகப் போட்டால் செடி மஞ்சள் கட்டும். எனக்கு ஒரு கட்டம் கட்டியது.

செலவு? கல், மண் ஓசி. மற்றதெல்லாம் சேர்த்து 600 ரூபாய்.

வெயில் விஷயத்திலும் புத்தகம் காலை வாரப் பார்த்தது. பட்டாணி மாதிரி கொடி ஏறுகிற பயிரை வடக்கு ஓரத்தில் வை, நிழல் மற்ற செடி மேல் விழாது என்கிறார் மெல். அவர் ஊரில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே. கொடைக்கானலோ பத்து டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மத்தியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறார்! 1899-லிருந்து சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு இதை யோசிக்காமல் விடலாமா? கொடிக்கு ஓரத்துக் கடைசி இரண்டு கட்டத்தை ஒதுக்கினேன். நிழல் விழுந்தால் கொத்தமல்லி மேல் விழட்டும் என்று அதைப் பக்கத்தில் வைத்தேன். கொத்தமல்லி கோபித்துக்கொள்ளவில்லை.

கேரட்டையும் கட்டத்துக்குப் பதினாறு போடவில்லை, ஒன்பதுதான். இங்கே மத்தியானமே மூடுபனி இறங்கிவிடும். இலைகள் நெருக்கியடித்தால் ஈரம் காயாது, பூஞ்சணம் வந்து உட்கார்ந்துவிடும். பேராசையை ஏழால் கழித்தேன்.

கேரட் நாலு கட்டம், பீட்ரூட் மூன்று, பீன்ஸ் மூன்று, பட்டாணி இரண்டு, முள்ளங்கி இரண்டு, கொத்தமல்லி ஒன்று, முட்டைக்கோஸ் ஒன்று. ஆக பதினாறு. முள்ளங்கி முதலில் காலி பண்ணும். அந்தக் கட்டத்தில் ஒரு கை மக்கு உரத்தைப் போட்டு வேறு பயிர் வைத்துவிடலாம். மொத்த வயலும் காலியாகிற நாளே வராது. இந்த ஒரு யோசனைக்காகவே மெல்லுக்கு ஒரு கும்பிடு. தண்ணீரை வாளியில் பிடித்து வெயிலில் வைத்து, ஒவ்வொரு செடிக்கும் கப்பில் ஊற்றச் சொன்னதற்கு இன்னொரு கும்பிடு. இங்கே பைப்பில் வருவது ஐஸ் தண்ணீர், செடிக்கே ஜலதோஷம் பிடிக்கும்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி காட்டுமாடு வந்தது. ஒரே ஒரு காலை வைத்துவிட்டுப் போயிருந்தது. முட்டைக்கோஸ் குளோஸ். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சணலைத் தாண்டவில்லை. சரியாக ஒரு கட்டம்!

மே மாசம் இரண்டாவது வாரம் அப்பா வந்து இறங்கினார். மஃப்ளர், மஞ்சள் பை. காபிகூடக் குடிக்கவில்லை. "எங்கடா போட்டிருக்க?" என்று நேராகப் பின்பக்கம் போனார். எனக்கு வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி இல்லை, காட்டுமாடே ஓடியது. ஒண்ணரை ஏக்கர் என்பது 65,340 சதுர அடி. ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டிருந்தேன். என் ஜமீனைப்போல நாலாயிரத்து எண்பத்து மூன்று!

சணல் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்தான். ஆனால் அது வேற சிரிப்பு.

"ஒத்த நாத்து நட்டோமேடா... ஞாபகம் இருக்கா? நீ சின்னப் பய."

இருந்தது. திருந்திய நெல் சாகுபடி. மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லாலனி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் கண்ட முறை. 2000-த்துக்கு அப்புறம் நம்ம பக்கம் வந்தது. பதினாலு, பதினைந்து நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றே ஒன்றாக, ஒன்பது பத்து அங்குலம் இடம்விட்டு சதுரம் சதுரமாக நட வேண்டும். ஏக்கருக்கு முப்பது கிலோ விதை விட்ட இடத்தில் மூன்று கிலோ போதும். அப்பா வயலில் கயிறு பிடித்துக் கட்டம் போட்ட அன்றைக்கு, வரப்பில் நின்று ஊரே சிரித்தது. 'நெல்லு நடுறியா, தாயம் ஆடுறியா?' என்று கேட்டார்கள். பத்தாம் நாள் பார்த்தபோதும் வயல் வெறிச்சென்றுதான் இருந்தது. அம்மா சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அந்த ஒற்றை நாற்று தூர் கட்டின அழகை நான் பார்த்திருக்கிறேன். எப்படி மறந்தேன் என்றுதான் தெரியவில்லை.

அப்பா குத்தவைத்து உட்கார்ந்தார். மண்ணை எடுத்து உருட்டினார், மோந்து பார்த்தார். ஒரு கேரட்டைப் பிடுங்கினார். நல்ல கேரட்டாக வரவேண்டுமே என்று கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவருக்கு அவசர வேண்டுதல் வைத்தேன். வந்தது இரண்டு கால் முளைத்த கேரட். பேன்ட் போட்ட மாதிரி!

"கல்லு கெடக்கு. சலிக்கலையா?"

"இல்லப்பா..."

"ம்" என்றார். வேட்டியில் துடைத்துவிட்டு ஒரு கடி கடித்தார். முழுசையும் தின்று முடித்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். அது நேராக இருந்தது. அதைத் தின்னவில்லை, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஒங்க அம்மாவுக்கு."

இரண்டு நாள் இருப்பதாக வந்தவர் திங்கட்கிழமையும் கிளம்பவில்லை. நான் ஆபீஸ் போய்விட்டு சாயங்காலம் வந்தால், துணி காயப்போடும் கயிற்றைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். என் பாத்திக்கு மேலே, நான் எட்டிக்கூடப் பார்க்காத சரிவில் புதுசாக ஒரு கல் கட்டு. இரண்டடிக்கு எட்டடி. உள்வாட்டம், வாய்க்கால் எல்லாம் அளவெடுத்த மாதிரி. சலித்த கல் ஓரமாகக் குவிந்து கிடந்தது. என் கொடிக்கயிறு கட்டம் கட்டமாகக் கட்டியிருந்தது.

மே மாசம் பூண்டு நடுகிற பட்டம். அப்பத்தா முறத்தில் விதைப் பூண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"கட்டத்துக்கு ஒம்பது" என்றார் அப்பா.

"பூண்டுக்கு அம்புட்டு எடம் எதுக்குங்கிறேன்? பதினாறு போடு" என்றார் அப்பத்தா.

"காத்து வேணுந்தாயி."

"இந்த மலைல எனக்கே காத்தப் பத்திச் சொல்றியா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.